தாடைக்குள் ஒரு திருகு



ஒர்க் ஷாப்பில் நாம் எத்தனையோ போல்ட்டுகளை முடுக்குகிறோம், கழற்றுகிறோம். மனிதனின் தாடை எலும்பில் ஒரு திருகை முடுக்கி, 40 வருஷம் கழற்றாமலே வைத்திருக்க முடியுமா? முடிந்திருக்கிறது. அதுதான் டென்டல் இம்பிளாண்ட் என்கிற செயற்கைப் பல் வேர்.

பிறந்த கதை

1952-ல் சுவீடன் நாட்டு டாக்டர் பெர்-இங்வார் பிரோனேமார்க், ரத்த ஓட்டத்தை ஆராய்வதற்காக முயலின் கால் எலும்பில் ஒரு சிறிய டைட்டானியக் கருவியைப் பொருத்தினார். ஆராய்ச்சி முடிந்து கழற்றப் போனால் வரவில்லை! எலும்பு உலோகத்தோடு ஒட்டி வளர்ந்துவிட்டது. 1965-ல் முதன்முதலாக ஒரு மனிதரின் கீழ்த்தாடையில் டைட்டானியத் திருகுகளைப் பொருத்தினார். அந்த மனிதர் 2006-ல் இறக்கும் வரை, 40 வருஷத்துக்கு மேல், அவை அவர் வாயிலேயே இருந்தன.

ஏன் டைட்டானியம்?

இரும்பு துருப்பிடிக்கும். டைட்டானியத்தின் மேலோ காற்றுப் பட்டவுடனே மெல்லிய ஆக்ஸைடு படலம் உண்டாகி, அதுவே கவசமாகிவிடும். எச்சிலும் புளிப்பும் அதை லேசில் அரிக்காது. எடையும் ஸ்டீலில் பாதியைவிடக் கொஞ்சம்தான் கூடுதல்.

ஆயுள் எவ்வளவு?

இதில் மூன்று பாகங்கள் உண்டு. எலும்புக்குள் திருகு, அதன்மேல் இணைப்புத் துண்டு, அதற்கும் மேல் பல் வடிவ மூடி. திருகைப் பொருத்தி எலும்பு ஒட்டுவதற்குப் பொதுவாக 3 முதல் 6 மாதம் ஆகும். 10 வருஷம் கழித்துப் பார்த்தாலும் 100 திருகுகளில் 90-க்கு மேல் நிலைத்திருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. மேல்மூடி மட்டும் தேயலாம், உடையலாம். 10, 15 வருஷத்தில் அதை மாற்ற வேண்டி வரலாம்.

எங்கே கெடுகிறது?

முக்கியமான பாயிண்ட் இதுதான். சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் மெல்லிய நார்த்திசு இருக்கிறது. அது வண்டியின் ஷாக் அப்சார்பர் மாதிரி. அழுத்தம் அதிகமானால் உடனே உணர்த்தும். இம்பிளாண்டுக்கு அது கிடையாது. ஈறும் சொந்தப் பல்லைப் பிடிப்பதுபோல் இறுக்கிப் பிடிக்காது. அழுக்குப் படிந்தால் கிருமி உள்ளே இறங்கி எலும்பைக் கரைக்கும். பெரும்பாலும் வலியே தெரியாது. திருகு நன்றாகத்தான் இருக்கும். அதைப் பிடித்திருக்கும் எலும்புதான் போய்விடும். புகை பிடிப்பவர்களுக்கும், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம்.

எங்கள் அப்பா சீட்டு எடுத்து ஒரு பல் கட்டிக்கொண்டார். "இரும்புப் பல்லுடா, இனி சொத்தையே வராது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கூடக் கொடுத்த ஆங்கிலக் குறிப்பை எங்கள் வீட்டில் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். சொத்தை வராது என்பது சரி, ஈறு கெடும் என்பதும் அதிலேயே இருந்தது. படித்துச் சொன்ன பிறகு பீடியைப் பாதியாகக் குறைத்திருக்கிறார். மீதியையும் விடவைக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. மென்மையான பிரஷ்ஷால் காலையும் இரவும் தேய்க்கவும்.
2. பல் இடுக்கைத் தனிச் சிறு பிரஷ்ஷாலோ நூலாலோ சுத்தம் செய்யவும்.
3. கொட்டைப்பாக்கு கடிப்பது, பல்லால் சோடா மூடி திறப்பது வேண்டாம்.
4. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் டாக்டரிடம் காட்டவும். எலும்பின் அளவை எக்ஸ்ரேயில்தான் பார்க்க முடியும்.
5. ரத்தம், வீக்கம், சீழ், ஆட்டம் – இதில் எது தெரிந்தாலும் அன்றைக்கே போகவும். சில சமயம் உள் ஸ்க்ரூ மட்டும் லூசாகியிருக்கும். அதை டார்க் ரெஞ்ச் வைத்து டாக்டர்தான் முடுக்க வேண்டும். நம் கைவரிசையைக் காட்டக் கூடாது!

நண்பர்களே, மெஷின் நின்ற பிறகு பார்ப்பது பிரேக்டவுன் மெயின்டனன்ஸ். நிற்கும் முன்பே பார்ப்பது பிரிவென்டிவ் மெயின்டனன்ஸ் என்று படிக்கிறோம். பரீட்சையில் எழுதுவதோடு விட்டுவிடாமல், வீட்டில் பல் கட்டிய பெரியவர்கள் இருந்தால் இதை ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். நாம் படிப்பது அவர்களுக்கும் சேர்த்துத்தானே!