பெயர் பெற்ற ஏழை

வஹகோட்டை அர்ச். அந்தோனியார் திருநாளுக்கு ஜூன் மாதத்தில் போகிறவர்களில் அநேகர் பஸ்ஸிலே போகிறவர்கள். மடியிலே பிள்ளை, பையிலே சோற்றுப் பொதி, நெரிசலில் நின்றபடியே செபமாலை. அந்தப் பயணம் எப்படிப்பட்டது என்பது நமக்குத் தெரியும்.

2008 பெப்ரவரி 2ஆம் திகதி கண்டியிலிருந்து அநுராதபுரம் நோக்கிச் சென்ற பஸ்ஸிலும் இத்தகைய எளிய மக்களே இருந்தனர். பலர் பௌத்த யாத்திரீகர்கள். நமது மாத்தளை மாவட்டத்திலேயே, தம்புள்ளையில், அந்த பஸ்ஸுக்குள் குண்டு வெடித்தது. இறந்தவர்கள் 18 பேருக்குக் குறையாது. காயமுற்றோர் 50க்கு மேல். மறுநாளே கொழும்பு கோட்டை ரயில் நிலையத்தில் இன்னொரு குண்டு. அங்கே மாண்ட பாடசாலை மாணவருக்காக நாம் அழுதது நியாயமே. ஆனால் தம்புள்ளைச் செய்தி ஒரே நாளில் பழைய செய்தியாயிற்று.

2019 உயிர்ப்பு ஞாயிறை எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் 21ஆம் திகதி 260க்கும் அதிகமானோர் மாண்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் விழுந்தது கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் ஆகிய மூன்று ஆலயங்களில். ஆயினும் வெளிநாட்டுப் பத்திரிகைகள் யாருடைய படத்தை முதலில் போட்டன? கொழும்பின் பெரிய ஹோட்டல்களில் இறந்த செல்வந்தர்களுடையதை. அவர்களுடைய படிப்பு, தொழில், குடும்பம் எல்லாம் உலகம் அறிந்தது. சீயோன் சபையில் இறந்த ஏறக்குறைய 30 பேரில் பாதியளவு சிறுவர்கள். அவர்களில் ஒரு பிள்ளையின் பெயராவது நமக்குத் தெரியுமா? எழுதுகிற எனக்கும் அந்த மூன்று ஹோட்டல்களின் பெயர்கள் மனப்பாடம். தம்புள்ளைக் குண்டின் திகதியையோ தேடித்தான் எடுத்தேன். வெட்கமாயிருக்கிறது.

நாடுகளுக்கிடையிலும் இதே கதைதான். 2015 நவம்பர் 12ஆம் திகதி பெய்ரூட்டில் 40க்கு மேற்பட்டோர் குண்டுக்கு இரையாயினர். மறுநாள் பாரிஸில் 130 பேர். பாரிஸுக்காக உலகமெங்கும் விளக்குகள் ஏற்றப்பட்டன. பெய்ரூட்டுக்கோ ஓரிரு வரிகள்.

பணம் மட்டும் காரணமல்ல. மொழியும் தூரமும் சேர்ந்துகொள்கின்றன. 1995 ஜூலை 9ஆம் திகதி விமானக் குண்டுகளால் நவாலி இராயப்பர் ஆலயத்திலே மாண்டவர்களை நாம் மறக்கவில்லை. தென்னிலங்கையில் பலர் அதைக் கேள்விப்பட்டதேயில்லை. 2006 ஜூன் 15ஆம் திகதி கெப்பித்திகொல்லாவையில் கண்ணிவெடியில் சிதறிய பஸ்ஸிலே 60க்கு மேற்பட்ட சிங்கள ஏழைகள் இறந்ததை அவர்கள் மறக்கவில்லை. நாமோ?

லூக்கா 16ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன உவமையை வீட்டில் வாசியுங்கள். வாசலில் கிடந்த ஏழைக்கு லாசர் என்று பெயர் உண்டு. செல்வனுக்குப் பெயரே இல்லை. பத்திரிகை வழக்கத்துக்கு இது நேர்மாறு. அங்கே செல்வனுக்குப் பெயர், ஏழைக்கு எண்ணிக்கை. அந்தச் செல்வன் லாசரை அடிக்கவுமில்லை, விரட்டவுமில்லை. தினமும் அவனைக் கடந்து போனான், அவ்வளவே.

இரக்கம் செய்தியோடு நின்றால் சேதமில்லை என்று சிலர் எண்ணலாம். அப்படியல்ல. யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவர்கள் பக்கமே உதவியும் விசாரணையும் திரும்புகின்றன. 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம், தாக்குதலைத் தடுக்கத் தவறிய முன்னாள் ஜனாதிபதி 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டோரும் திருச்சபையும் ஓயாமல் கேட்டதால் கிடைத்தது அது. தம்புள்ளை பஸ்ஸில் கணவனை இழந்த ஒரு தாய்க்காக யார் கேட்டார்கள்?

குடும்பமாகச் செய்ய: இன்றிரவு செபமாலையின்பின் பிள்ளைகள் ஒரு தாளில், குண்டுகளால் இறந்தவர்களில் தங்களுக்குப் பெயரோ ஊரோ தெரிந்தவர்களை எழுதட்டும். பிறகு பெற்றோர் கேளுங்கள்: இவர்களில் நம் மொழி பேசாதவர் எத்தனை பேர்? பஸ்ஸில் வந்தவர் எத்தனை பேர்?