கோவணத்துக்கு ஒரு பூனை

அன்புள்ள கயல்,

உன் கடிதம் நேற்று வந்தது. மூன்று பக்கமும் ஒரு மதிப்பெண்ணைப் பற்றித்தான்! வியட்நாம் போரில் அமெரிக்கா நுழைந்த ஆண்டு எது என்ற கேள்விக்கு நீ 1965 என்று எழுதினாய், உன் தோழி 1964 என்றாள், இரண்டுக்கும் தப்புப் போட்டுவிட்டு விடை 1955 என்று சொல்லிவிட்டார்கள். யார் சொன்னது சரி என்று மாமாவிடம் பஞ்சாயத்துக்கு வந்திருக்கிறாய்.

மூன்றும் சரிதான். 1950 என்று எழுதியிருந்தாலும் நான் மதிப்பெண் போட்டிருப்பேன். கேள்விதான் கோணல். வாசல் வழியாக நுழைந்தவனைத்தான் எப்போது நுழைந்தாய் என்று கேட்க முடியும். அமெரிக்கா அங்கே நுழையவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

அம்மாச்சி சொல்லும் சாமியார் கதை நினைவிருக்கிறதா? கோவணத்தை எலி கடித்தது. எலியை விரட்டப் பூனை வளர்த்தார். பூனைக்குப் பால் வேண்டும், பசு வந்தது. பசுவுக்குப் புல் வேண்டும், நிலம் வந்தது. நிலத்தைப் பார்த்துக்கொள்ள ஆள், ஆளுக்குச் சோறு பொங்கப் பெண்டாட்டி. கடைசியில் குரு வந்து, இதெல்லாம் என்ன என்று கேட்டபோது, எல்லாம் அந்தக் கோவணத்துக்காகத்தான் என்றாராம். இந்தக் கதையை மறக்காமல் வைத்துக்கொள், நமக்கு வேண்டியிருக்கும்.

1950-இல் வியட்நாம் பிரெஞ்சுக்காரர்களின் கையில் இருந்தது. ஹோ சி மின் தலைமையில் வியட் மின் இயக்கம் அவர்களோடு போரிட்டுக்கொண்டிருந்தது. சீனா கம்யூனிஸ்டுகள் வசமாகி ஓராண்டுதான் ஆகியிருந்தது, கொரியாவிலும் போர் வெடித்துவிட்டது. ட்ரூமன் அரசு பிரெஞ்சுக்காரர்களுக்குப் பணமும் ஆயுதமும் கொடுத்தது. கொடுத்த ஆயுதத்தைக் கணக்குப் பார்க்கச் சில டஜன் பேரைச் சைகோனுக்கு அனுப்பியது. முதல் எலி அதுதான். 1954-க்குள் பிரெஞ்சுப் போர்ச் செலவில் ஏறக்குறைய முக்கால் பங்கு அமெரிக்கப் பணமாகிவிட்டது. அந்த ஆண்டு மே 7 அன்று தியன் பியன் ஃபூ என்ற பிரெஞ்சு முகாம் விழுந்தது. பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டினார்கள், அமெரிக்கர்கள் தங்கிவிட்டார்கள்.

அதையடுத்து வந்த ஜெனீவா உடன்பாடு நாட்டை 17-வது இணைகோட்டில் தற்காலிகமாகப் பிரித்தது. வெளியிலிருந்து புதிய படைகளைக் கொண்டுவரக் கூடாது என்றது. அதைக் கண்காணிக்க அமைந்த ஆணையத்துக்குத் தலைமை இந்தியா, உடன் கனடாவும் போலந்தும். அமெரிக்க ஆலோசகர்களுக்கு 342 பேர் என்ற வரம்பு இருந்தது. அதை மீறாமலே மீறியதைப் பார். 1956-இல், போரில் விட்டுப்போன தளவாடங்களை மீட்டெடுக்க என்று 350 பேரைத் தனியாக அனுப்பினார்கள். வந்தவர்கள் தென் வியட்நாம் படைக்குப் பயிற்சி கொடுக்கும் வேலைகளிலும் இறங்கினார்கள். பெயர் வேறு என்பதால் வரம்பு காகிதத்தில் பத்திரமாக இருந்தது!

இப்படிப் பெயர் மாற்றுவதை நீ கவனித்துப் படிக்க வேண்டும், கயல். எண்களைவிட இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1961 கடைசியில் அமெரிக்க விமானிகள் தென் வியட்நாமில் குண்டு போடத் தொடங்கினார்கள். அதற்கும் பயிற்சி என்றுதான் பெயர். பயிற்சி என்றால் மாணவன் வேண்டுமே? ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஒரு வியட்நாமியரை விமானத்தில் ஏற்றி உட்காரவைக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். அவர் ஓட்டக் கற்றாரா என்பது யாருடைய கவலையுமில்லை. அவர் உட்கார்ந்திருந்தால் போதும், அது போர் ஆகாது.

அதிபர் கென்னடிக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. படை அனுப்புவது மது அருந்துவது மாதிரி, போதை இறங்கியதும் இன்னொரு கோப்பை வேண்டியிருக்கும் என்று தன் உதவியாளர் ஷ்லெசிங்கரிடம் அவரே சொன்னார். 1961-இல் வெளியுறவுத் துறையின் ஜார்ஜ் பால், இந்த வழியில் போனால் ஐந்து ஆண்டுகளில் அங்கே மூன்று லட்சம் பேர் இருப்பார்கள் என்று எச்சரித்தார். உமக்குப் பைத்தியமா என்கிற மாதிரி கென்னடி அதைத் தள்ளிவிட்டார். கணக்கு உண்மையில் தப்பாகத்தான் போனது. ஐந்து ஆண்டு கழித்து, 1966 முடிவில், அங்கே இருந்தவர்கள் சுமார் 3,85,000 பேர்.

கென்னடி பதவிக்கு வரும்போது சுமார் 900 ஆலோசகர்கள். 1963 நவம்பரில் அவர் கொல்லப்பட்டபோது 16,000-க்கும் மேல். அதே மாதத் தொடக்கத்தில் தென் வியட்நாம் அதிபர் ங்கோ தின் தியெமும் அவருடைய தளபதிகளின் கவிழ்ப்பில் கொல்லப்பட்டிருந்தார். அந்தக் கவிழ்ப்புக்கு வாஷிங்டனின் தலையசைப்பு இருந்தது. ஒரு வீட்டின் தலைவரை மாற்ற நீ கை கொடுத்துவிட்டால், அப்புறம் அந்த வீட்டுக் கடனெல்லாம் உன்னுடையதுதான்.

1964-ஐ உன் தோழிக்காகச் சொல்கிறேன். ஆகஸ்ட் 2-இல் டோன்கின் வளைகுடாவில் வட வியட்நாம் படகுகள் ஓர் அமெரிக்கப் போர்க்கப்பலைத் தாக்கின. 4-ஆம் தேதி இரண்டாவது தாக்குதல் என்றார்கள். அப்படியொன்று நடக்கவே இல்லை என்பது பின்னால் தெளிவானது. மூன்றே நாளில் அமெரிக்க நாடாளுமன்றம் அடுத்த அதிபர் ஜான்சனுக்கு அதிகாரம் கொடுத்தது. கீழவையில் 416-க்குப் பூஜ்யம், செனட்டில் 88-க்கு 2. போர் அறிவிப்பு என்று ஒன்று அப்போதும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை.

இனி உன்னுடைய 1965. இங்கேதான் சாமியார் வருகிறார். பிப்ரவரியில் ப்ளேக்கூ முகாமில் நடந்த தாக்குதலில் அமெரிக்கர்கள் இறந்தார்கள். பதிலடியாகத் தொடங்கிய குண்டுவீச்சு மார்ச் 2 முதல் தொடர் நடவடிக்கையானது. சில வாரங்களுக்கு என்று போட்ட திட்டம் மூன்றரை ஆண்டு நீண்டது. குண்டு போட விமானம் வேண்டும். விமானம் நிற்க ஓடுதளம் வேண்டும், அது தா நாங்கில் இருந்தது. ஓடுதளத்தைக் காக்கக் காவல் வேண்டும். மார்ச் 8 அன்று சுமார் 3,500 மரைன் வீரர்கள் தா நாங் கடற்கரையில் இறங்கினார்கள். ஆயுதத்தோடு அலையில் குதித்து வந்தவர்களை ஆவ் தாய் என்னும் வியட்நாமிய உடை உடுத்திய பெண்கள் பூமாலையோடு வரவேற்றார்கள். தூதர் மாக்ஸ்வெல் டெய்லர் முன்னாள் ராணுவத் தளபதி. தரைப்படை வேண்டாம், ஒருமுறை விட்டால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது என்று தந்தி அடித்திருந்தார். கேட்பாரில்லை.

வேலிக்குள் நிற்கும் காவலாளிக்கு வேலிக்கு வெளியே பீரங்கி வைப்பவன் தெரியமாட்டான். வெளியே போய்த் தேடத்தான் வேண்டும். ஒரே மாதத்தில், ஏப்ரல் 6 அன்று, தேடித் தாக்கலாம் என்று உத்தரவு வந்தது. கூடவே, இதைப் பெரிதாக வெளியே காட்டிக்கொள்ள வேண்டாம் என்ற குறிப்பும். ஜூலை 28-இல் ஜான்சன் படையை 75,000-இலிருந்து 1,25,000 ஆக்குவதாக அறிவித்தார், அதையும் நடுப்பகலில், கூட்டம் குறைவாகப் பார்க்கும் நேரத்தில். ஆண்டு முடிவில் எண்ணிக்கை 1,84,000. 1969 ஏப்ரலில் 5,43,000.

இந்த ஏணியில் ஏறியது ஒரு பக்கத்தார் மட்டும் அல்ல. வட வியட்நாமின் ஹனோய் அரசு தன் முறையான படைகளைத் தெற்கே இறக்கியது, சோவியத் ஒன்றியம் ஏவுகணை தந்தது, சீனா பாதை போடவும் விமானங்களைச் சுடவும் ஆள் அனுப்பியது. அந்தப் பக்கம் ஒரு படி, அதைப் பார்த்து இந்தப் பக்கம் ஒரு படி.

எதற்காக ஏறினார்கள்? 1965 மார்ச்சில் பாதுகாப்புத் துறையின் ஜான் மெக்நாட்டன் ஒரு குறிப்பு எழுதினார், பின்னால் அது வெளியே கசிந்தது. நம் நோக்கத்தில் 70 சதவீதம் அவமானகரமான தோல்வியைத் தவிர்ப்பது, 20 சதவீதம் அந்த நிலம் சீனாவின் கைக்குப் போகாமல் பார்ப்பது, 10 சதவீதம் தென் வியட்நாம் மக்களுக்கு நல்வாழ்வு என்று பங்கு பிரித்திருந்தார். படித்தவர், கூர்மையானவர், நேர்மையாகவே கணக்குப் போட்டிருக்கிறார். கோவணம் எப்போதோ தொலைந்துவிட்டது, பசுவை விற்றால் ஊர் சிரிக்குமே என்ற கவலைதான் மிச்சம். அந்தக் கவலைக்கு 58,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் செத்தார்கள். வியட்நாமில் இறந்தவர்களை லட்சங்களில்தான் எண்ண வேண்டும்.

சரி, உன் பஞ்சாயத்துக்கு வருகிறேன். வாஷிங்டனில் கறுப்புக் கல்லில் ஒரு நினைவுச் சுவர் இருக்கிறது, இறந்த அமெரிக்கர்களின் பெயர்களோடு. 1982-இல் திறந்தபோது பெயர்கள் 1959-இலிருந்து தொடங்கின. அந்த ஆண்டு ஜூலையில் பியென் ஹோவாவில் இரவு சினிமா பார்த்துக்கொண்டிருந்த இரண்டு ஆலோசகர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பிறகு, 1956-இல் இறந்த ஒரு வீரரின் குடும்பம் விடாமல் கேட்டது. பாதுகாப்புத் துறை போரின் தொடக்கத்தை 1955 நவம்பர் 1-க்குப் பின்னோக்கி நகர்த்தியது. 1999-இல் அவர் பெயரும் சுவரில் ஏறியது. உன் விடைத்தாளில் வந்த 1955 அதுதான்.

ஆனால் 1945 செப்டம்பர் 26 அன்று சைகோனில் பீட்டர் டியூயி என்ற அமெரிக்க உளவு அதிகாரி ஜீப்பில் போகும்போது சுடப்பட்டு இறந்தார். நகரம் அப்போது பிரிட்டிஷ் ஜெனரல் கிரேசியின் பொறுப்பில் இருந்தது, அவர் கீழ் இருந்தவை 20-வது இந்திய டிவிஷனின் துருப்புகள். ஜீப்பில் அமெரிக்கக் கொடி கட்ட டியூயிக்கு அவர் அனுமதி தரவில்லை. வியட் மின் ஆட்கள் டியூயியைப் பிரெஞ்சுக்காரர் என்று நினைத்துவிட்டார்கள். அவர் பெயர் அந்தச் சுவரில் இல்லை.

அன்புடன்,
உன் மாமா