குருவிக்குக் கதிர்க்கட்டும் தண்ணீரும்: கோடைக்கு முன் செய்ய 10 குறிப்புகள்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து மானாவாரிக் கரிசலில், ஐப்பசி மழையை நம்பி விதைத்த கம்பும் சோளமும் குதிரைவாலியும் தை, மாசிக்குள் களம் சேர்ந்துவிடும். பிறகு காட்டில் பறவைகள் பொறுக்கித் தின்ன அதிகம் இருக்காது. பங்குனி பிறந்தால் கண்மாயும் வற்றத் தொடங்கும். அறுவடைக் கதிரைத் தாழ்வாரத்தில் தொங்கவிட்டுக் குருவிக்கு விடுவது தமிழ்நாட்டுப் பழைய வழக்கம். பிள்ளைகளோடு உட்கார்ந்து இப்போதே செய்து வையுங்கள். மார்ச் 20, உலகச் சிட்டுக்குருவி நாள், பங்குனி முதல் வாரத்தில்தான் வருகிறது.

1. முதலில் தண்ணீர். வெயில் ஏற ஏறத் தீனியைவிடத் தண்ணீர்தான் அவசரம். அகலமான மண்சட்டியில் இரண்டு அங்குல ஆழத்துக்கு ஊற்றி, நடுவில் சில கற்களைப் போடுங்கள். சிறு குருவிகள் நின்று குடிக்கும். தகரம், எவர்சில்வர் தட்டு வெயிலில் கொதிக்கும்; வேண்டாம்.

2. தண்ணீரைத் தினமும் மாற்றி, சட்டியைத் தேய்த்துக் கழுவுங்கள். கொசுப்புழு வராது.

3. கதிர்க்கட்டுக்கு ஒரு முழத் தட்டையோடு இருபது கதிர் போதும். நிழலில் மூன்று நாள் உலர்த்துங்கள். ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஊறவைத்த பனைநார் முறியாமல் வளையும். அந்த நாரால் கட்டி, கதிர் கீழே பார்க்கத் தொங்கவிடுங்கள். தட்டை காய்ந்து சுருங்கியதும் ஒருமுறை இறுக்கிக் கட்டுங்கள்.

4. கம்பு, குதிரைவாலி, தினை சிட்டுக்குருவிக்கும் சில்லைக்கும் ஏற்றவை. சோளத்துக்குப் புறாவும் கிளியும் வரும். விதைப்புக்கு மருந்து கலந்து வைத்த விதையில் மிச்சம் இருந்தால், அதை மறந்தும் வைக்காதீர்கள். அது பறவைக்கு நஞ்சு.

5. சிரட்டைத் தட்டு: பாதிச் சிரட்டையின் விளிம்பில் சம இடைவெளியில் மூன்று துளை போட்டுத் தேங்காய்நார்க் கயிற்றைக் கோத்துவிடுங்கள். மழைநீர் வடிய அடியில் இரண்டு சிறு துளை வேண்டும். நைலான் நூலும் மீன்பிடி நரம்பும் காலில் சிக்கும்; தவிர்த்துவிடுங்கள்.

6. பாட்டில் தீனிக்கூடு: ஒரு லிட்டர் பாட்டிலின் குறுக்கே நீளக் காம்புள்ள மரக்கரண்டியைச் செருகுங்கள். கரண்டித் தலை வெளியே வரும் பக்கத் துளை சற்றுப் பெரிதாக இருந்தால், தானியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டியில் இறங்கும். வெயிலில் பிளாஸ்டிக் வெடித்தால் மாற்றிவிடுங்கள்.

7. ஆள் உயரத்துக்கு மேலே, வேம்பு நிழலிலோ தாழ்வாரத்திலோ தொங்கவிடுங்கள். பூனை தாவ முடியாதபடி சுவரிலிருந்து தள்ளி இருக்கட்டும். வீட்டுக்குள் ஓடும் மின்விசிறி குருவிக்கு எமன். அதன் பக்கம் எதையும் தொங்கவிடாதீர்கள்.

8. எறும்பு ஏறினால் எறும்பு மருந்தோ கிரீஸோ தடவாதீர்கள். மருந்து கொல்லும், கிரீஸ் இறகில் ஒட்டும். சிந்திய தானியத்தைக் கூட்டிவிட்டு, தொங்கும் இடத்தை மாற்றுங்கள்.

9. உப்புப் போட்ட மிக்சர், முறுக்கு, ஊசிப்போன சோறு வேண்டாம். ஒரு நாளில் தீரும் அளவு தானியம் வையுங்கள். வாரம் ஒருமுறை தட்டைக் கழுவிக் காயவைத்தால் நோய் பரவாது.

10. கூட்டுக்கும் இடம் கொடுங்கள். மரப்பெட்டியில் ஒன்றேகால் அங்குலத் துளை சிட்டுக்குருவிக்குப் போதும். எட்டடி உயரத்தில், வெயில் படாத இறவாரத்தில் மாட்டுங்கள். குஞ்சுக்குப் புழு பூச்சிதான் உணவு. ஆகவே வீட்டுச் செடிகளுக்குப் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். கூடு கட்டிவிட்டால் கை வைக்கக் கூடாது. பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தின் பொத்தகுடியில், தெருவிளக்கு ஸ்விட்ச் பெட்டிக்குள் ஒரு குருவி கூடு கட்டியதால், 2020இல் ஊரே ஒரு மாதத்துக்கும் மேல் தெருவிளக்கைப் போடாமல் இருந்தது. அத்தனை பெரிய விட்டுக்கொடுப்பை நம்மிடம் யாரும் கேட்கவில்லை. ஒரு சட்டித் தண்ணீர், ஒரு பிடிக் கம்பு, ஆவணி வரைக்கும் விடாத கவனம்: இவ்வளவும் எந்த வீட்டாலும் முடியும்.