அயல்நாட்டு ஊதியமும் வருமான வரியும்

ஜவ்வாது மலையடிவாரத்து ஆலங்காயத்தினின்று, தோல் தொழில் பயின்ற இளைஞர் ஒருவர் கடல் கடந்து வேலைக்குச் சென்றார் என வைத்துக்கொள்வோம். அவரது ஊதியத்திற்கு ஈண்டு வரி உண்டோ? வீட்டிற்குப் பணம் அனுப்புவதால் உண்டு என்பர் சிலர். அயலிலே ஈட்டியதால் என்றும் இல்லை என்பர் வேறு சிலர். இரண்டும் பிழையென்று யாம் கூறுவோம்.

சட்டம் முதலில் நோக்குவது பணம் சென்ற வழியையன்று. மனிதர் தங்கிய நாட்களையே. 1939-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் புகுந்த இம்முறை, 1961, 2025-ஆம் ஆண்டுச் சட்டங்களிலும் நிலைபெற்றது. ஏப்ரல் முதல் மார்ச் வரையுள்ள ஆண்டில் 182 நாட்களோ அதற்கு மேலோ இந்நாட்டில் தங்கியவர் ஈண்டு வசிப்பவரே. குறைந்த நாட்கள் தங்கியோர்க்கும் சில விதிகள் உண்டு. வசியாதவர் அயலில் உழைத்து அயலிலேயே பெற்ற ஊதியத்திற்கு இங்கு வரியில்லை. அதனை வீட்டிற்கு அனுப்புதலாலும் வரி பிறவாது. ஆயினும், ஈண்டுள்ள வீட்டின் வாடகை கணக்கிற் சேரும்.

அவரே ஊர் திரும்பி, சட்டப்படி 'சாதாரணமாக வசிப்பவர்' ஆனபின், உலகெங்கும் வரும் வருமானத்தையும் அயல்நாட்டு வங்கிக் கணக்கையும் படிவத்திற் காட்டல் வேண்டும். அங்கே வரி செலுத்தியிருப்பின், அதுபற்றிக் காட்டாதொழிதல் தவறு. முழுதும் காட்டி, இருநாட்டு உடன்படிக்கைப்படி கழிவு பெறுதலே முறை. மறைத்த வருமானத்திற்கு 2015-ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டம் நூற்றுக்கு 30 வரியும், அதன் மும்மடங்கு தண்டமும் விதிக்கின்றது.

ஆதலின் மாணாக்கர்காள், அயல்நாடு செல்லும் உங்கள் தமையன்மார்க்கு இதனை எடுத்துரைப்பீராக. பாஸ்போர்ட்டு முத்திரைகள், சம்பளச் சீட்டுகள், வரி செலுத்திய சான்றுகள் ஆகியவற்றை அவர்கள் போற்றி வைத்தல் நன்று. வியர்வை சிந்தி ஈட்டிய பொருள் அறியாமையாற் கரைதல் தகாது.