பச்சையை மட்டும் பார்க்காதே

திருச்சி

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. கிடாரி சாக்கையும் துணியையும் மெல்லுகிறது, ஊசி போட்டும் சினை பிடிக்கவில்லை என்று உன் அப்பா சொன்னான். கால்நடை மருத்துவரிடம் உடனே காட்டு. அதோடு, வேப்பந்தட்டையில் அதற்குப் புல் அறுக்கும் கரிசல் காட்டையும் கொஞ்சம் பார்.

அந்தக் காட்டில் ஏர் ஓட்டினால் சுக்கான்கல் புரளும். அவ்வளவு சுண்ணாம்பு. கம்பு நேப்பியர் ஆள் உயரம் கரும்பச்சையாக நிற்பதால் எல்லாச் சத்தும் இருக்கிறது என்று எண்ணாதே. அந்தப் பச்சை தழைச்சத்தால் வருவது. தாதுக்கள் எவ்வளவு என்று அது சொல்லாது. போடுகிற மணிச்சத்தில் பெரும்பங்கைச் சுண்ணாம்பு பிடித்துவைத்துக்கொள்ளும். கார அமில நிலை 8-க்கு மேல் போனால் துத்தநாகமும் இரும்பும் மண்ணில் இருந்தும் வேருக்கு எட்டாது. வருஷா வருஷம் டி.ஏ.பி.யைக் கொட்டினால் துத்தநாகம் இன்னும் குறையும். மாலிப்டினம் நேர்மாறு. காரமண்ணில்தான் அது புல்லில் கூடுதலாக ஏறும். மாட்டின் வயிற்றில் கந்தகத்தோடு சேர்ந்து தாமிரத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். சினை தள்ளிப்போக இந்தக் குறைகளும் காரணமாகலாம்.

துணி மெல்லுவதைக் கெட்ட பழக்கம் என்று விட்டுவிடாதே, மணிச்சத்துக் குறையாலும் அது வரலாம். தென்னாப்பிரிக்காவில் ஆர்னால்டு தைலர் 1920-ஐ ஒட்டி இதுபோன்ற ஒன்றை ஆராய்ந்தார். மணிச்சத்து வற்றிய மேய்ச்சல் நிலத்து மாடுகள் செத்த விலங்குகளின் எலும்பைத் தேடிக் கடித்தன. அதிலிருந்த நஞ்சால் மடிந்தன. எலும்புத்தூள் கொடுத்ததும் அந்தத் தேடல் அடங்கியது. நோயின் வேர் மண்ணில் இருந்தது.

நம் பக்கம் மக்காச்சோளத் தட்டைக்குப் பஞ்சமில்லை. ஆனால் முற்றிய தட்டையில் மணிச்சத்து மிகக் குறைவு. அதை மட்டும் போட்டு மாட்டை நிறுத்தாதே. நேப்பியர் 3 வரிசைக்கு வேலிமசால் 1 வரிசை வை. சுண்ணாம்புச்சத்தும் புரதமும் புல்லைவிட அதில் அதிகம். நேப்பியரை 45 நாளுக்கு ஒருமுறை அறுத்துவிடு. முற்ற முற்றத் தண்டுதான் பெருகும், தாது இறங்கும்.

உரம் வாங்கும் முன் மண்ணைச் சோதி. மரத்தடி, எருக்குழி ஓரம் விட்டு, பல இடத்தில் 15 செ.மீ. ஆழத்துக்கு 'வி' வடிவில் வெட்டி மண் எடுத்துக் கலந்து, அரைக்கிலோ கட்டி வாலிகண்டபுரம் வேளாண் அறிவியல் மையத்தில் கேள். துத்தநாகம் குறைவு என்றால் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து தூவு. மணிச்சத்து உரத்தோடு சேர்க்காதே. சூப்பர் பாஸ்பேட்டைத் தொழு உரத்தில் கலந்து ஒரு மாதம் மூடிவைத்துப் போடு, சுண்ணாம்பு அவ்வளவாகப் பிடிக்காது.

மண் திருந்த நாளாகும், கிடாரி அதுவரை தாங்காது. தாது உப்புக் கலவையை மருத்துவர் சொல்லும் அளவில் இன்றே ஆரம்பி. மண் பரிசோதனை அட்டை வந்ததும் எனக்கு அனுப்பு, சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
பெரியப்பா