மயிலுக்குப் போர்வை கொடுத்தது சரி... யாருடைய போர்வை?



போன தைப்பூசத்துக்கு தாராபுரம் வழியா பழனிக்கு நடந்து போனோம். விடியற்காலை ஆறு மணி இருக்கும். ரோட்டோரக் காட்டுல ஏழெட்டு மயில், அதுல ஒண்ணு தோகை விரிச்சு நின்னுது. கூட வந்த எல்லாரும் "அரோகரா"ன்னு சத்தம் போட்டோம். நான் வீடியோ எடுத்து "முருகன் தரிசனம் கொடுத்துட்டார்"னு ஸ்டேட்டஸ் போட்டேன், குடும்ப குரூப்லயும் அனுப்பினேன்.

அந்தப் பக்கம்தான் எங்க பெரியப்பா விவசாயம் பண்றார். அஞ்சு நிமிஷத்துல குரூப்ல அவரோட வாய்ஸ் மெசேஜ் வந்துது: "கண்ணு, நல்லாத்தான் இருக்குது. ஆனா அது நிக்கிறது கடலை வெதச்ச காடு. வெதச்சு நாலு நாள்கூட ஆகியிருக்காது. நீங்க கும்புடறீங்க, அது பறிச்சுத் திங்குது. காசு மட்டும் காட்டுக்காரனோடது."

வீடியோவை மறுபடி பார்த்தேன். அவர் சொன்னது சரி. தோகை விரிச்ச மயிலுக்குப் பின்னாடி மத்த மயிலெல்லாம் வரிசையா மண்ணைக் கிளறிட்டு இருந்துது. எடுக்கும்போது அது என் கண்ணுலயே படல. அன்னையிலிருந்து மயிலைப் பத்தித் தேடிப் படிச்சதுல தெரிஞ்சதைத்தான் இந்தப் பதிவுல எழுதறேன்.

*மயில் ஏன் இவ்வளவு பெருகிச்சு?*

முதல் காரணம் நம்ம நம்பிக்கையும் சட்டமும். 1963-ல மயில் தேசியப் பறவை ஆச்சு. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல புலி, யானையோட சேர்த்து முதல் அட்டவணையில இருக்கு. மயிலைக் கொன்றால் 3 முதல் 7 வருஷம் வரை சிறை. சட்டம் வர்றதுக்கு முன்னாடியே முருகன் வாகனம்னு நம்ம ஊர்ல பெரும்பாலானவங்க மயிலைத் தொட மாட்டாங்க. விராலிமலை மாதிரி இடங்கள்ல மனுஷங்களுக்குப் பக்கத்துலயே மயில் பயமில்லாம நடமாடுறது இதனாலதான்.

ஆனா இது பாதிக் கதைதான். மீதிப் பாதி நிலத்துல இருக்கு.

மயில் தரையில குழி பறிச்சு முட்டை போடுற பறவை. அந்த முட்டையையும் குஞ்சையும் தின்னக்கூடிய நரி, காட்டுப்பூனை எல்லாம் சமவெளிப் பகுதியில ரொம்பக் குறைஞ்சு போச்சு. மேய்ச்சல் நிலமும் தரிசும் சீமைக் கருவேல மரத்தால மூடிக்கிச்சு. மயிலுக்கு அது நல்ல மறைவு. போர்வெல் வந்த பிறகு வருஷம் முழுக்க ஏதாவது ஒரு பயிர் நிக்குது. கடலை, சோளம், தக்காளி, நெல்லு எல்லாமே மயிலுக்குச் சாப்பாடு. எதிரி கம்மி, ஒளிய இடம், கூப்பிடு தூரத்துல தீனி. பெருகாம என்ன செய்யும்?

கேரளாவைப் பாருங்க. பறவையியல் அறிஞர் சாலிம் அலி 1933-ல அங்க கணக்கெடுத்தப்போ மயிலே தென்படல. இன்னைக்கு அந்த மாநிலத்தோட எல்லா மாவட்டத்துலயும் மயில் இருக்கு. மயில் அடர்ந்த மழைக்காட்டுப் பறவை இல்லை, வறண்ட திறந்த வெளியை விரும்புற பறவை. அதனால கேரளாவுல மயில் பரவுறதை, நிலம் வறண்டு வர்றதுக்கான அடையாளமா ஆய்வாளர்கள் பார்க்கிறாங்க.

நான் கத்துக்கிட்ட முதல் பாடம் இதுதான். மயில் பெருகிச்சுன்னா இயற்கை நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்லை. காடு குறைஞ்சு, நரி குறைஞ்சு, நிலத்தோட முகம் மாறினதாலயும் மயில் பெருகலாம்.

*காட்டுக்காரர் பக்கம்*

விதைச்ச கடலையை மயில் கிளறித் தின்னுடும். தப்பிச்சு முளைச்சா குருத்தைக் கொத்தும். தக்காளி பழுக்கும்போது ஒவ்வொரு பழத்துலயும் ஒரு கொத்து. கொத்தின பழம் சந்தைக்குப் போகாது. முன்னெல்லாம் வீட்டுல பத்து பேர் இருந்தாங்க, யாராவது ஒருத்தர் காவலுக்கு நிப்பாங்க. இப்போ பெரியப்பா வீட்டுல ரெண்டே பேர். பிள்ளைகள் எல்லாம் என்னை மாதிரி பெங்களூர், சென்னைன்னு கம்ப்யூட்டர் முன்னாடி.

இதுல மனசு நொந்து, தானியத்துல விஷம் கலந்து வைக்கிறவங்களும் இருக்காங்க. மயில்கள் கூட்டமா செத்துக் கிடந்ததா அப்பப்போ செய்தி வரும், நாம "பாவி"ன்னு கமெண்ட் போட்டுட்டு நகர்ந்துடுவோம். அது பெரிய தப்பு, சட்டப்படியும் குற்றம், அதுல சந்தேகமே இல்லை. அந்த விஷம் மயிலோட நிக்காது, காக்கா, கௌதாரி, நாய்னு எல்லாத்தையும் கொல்லும். ஆனா அந்த மனுஷன் அந்த நிலைக்கு வர்ற வரைக்கும் நாம யாரும் அவர் கஷ்டத்தைக் கேட்கலைங்கிறதும் உண்மைதானே?

*பேகனும் வள்ளியும்*

பழனி போற எல்லாருக்கும் பேகன் கதை தெரிஞ்சிருக்கணும். கடையெழு வள்ளல்கள்ல ஒருத்தர். ஆண்டது வேற எங்கேயும் இல்லை, இதே பழனி மலைப் பகுதிதான். சங்க காலத்துல அதுக்குப் பேரு பொதினி. மயில் தோகை விரிச்சு சிலிர்த்ததைப் பார்த்து, குளிர்ல நடுங்குதுன்னு நினைச்சு தன் போர்வையை எடுத்துப் போர்த்தினவர்.

ஸ்கூல்ல படிச்சப்போ எனக்கு சிரிப்பா இருந்துது. மயிலுக்கு எதுக்குப் போர்வை? ஆண் மயில் தோகை விரிக்கிறது பெண் மயிலைக் கவரத்தானே? உண்மைதான், மயிலைப் பத்தி பேகனோட கணக்கு தப்பு. ஆனா ஒண்ணை கவனிங்க. அவர் கொடுத்தது அவரோட சொந்தப் போர்வை. பக்கத்து வீட்டுக்காரர் தோள்ல இருந்ததை உருவிக் கொடுக்கல.

நாம? மயிலைக் கும்பிடறது நாம, அதுக்குச் சோறு போடறது பெரியப்பா. அவர் போர்வையை எடுத்துக் கொடுத்துட்டு வள்ளல்ங்கிற பேரை நாம வாங்கிக்கிறோம்.

அடுத்து நம்ம வள்ளி நாச்சியார். முருகன் முதல்ல பார்த்தப்போ அவங்க என்ன செஞ்சிட்டு இருந்தாங்க? தினைப்புனக் காவல். பரண் மேல ஏறி நின்னு, ஆலோலம் பாடி, கவண் வீசி பறவைகளை விரட்டிட்டு இருந்தாங்க. பயிரைக் காக்கிறது பாவம்னு அந்தக் கதையில யாரும் சொல்லல. பறவைகளைக் கொல்லவும் இல்லை. சத்தம் போட்டாங்க, பக்கத்துலயே இருந்தாங்க, நாள் முழுக்க உழைச்சாங்க. பயிரும் பிழைச்சுது, பறவையும் பிழைச்சுது. அந்தக் காவலுக்கு ஆள் வேணும், நேரம் வேணும். இன்னைக்கு நம்ம ஊர்ல இல்லாம போனது அதுதான்.

*நாம என்ன செய்யலாம்?*

1. கோயில் மலையில மயிலுக்கு பொரி, சிப்ஸ், பிரசாதம் எதுவும் போடாதீங்க. விதை, பூச்சி, பல்லி, சின்னப் பாம்புன்னு தன் தீனியைத் தானே தேடிக்கத் தெரிஞ்ச பறவை அது. நாம போட்டுப் பழக்கினா வண்டி, நாய் எதுக்கும் பயப்படாம ரோட்டுக்கு வந்து அடிபடும்.

2. மயில்பீலி வாங்கும்போது அடிக்காம்பைப் பாருங்க. ஆண் மயில் வருஷத்துக்கு ஒரு தடவை தோகையைத் தானாவே உதிர்க்கும். உதிர்ந்த பீலியோட அடி சுத்தமா இருக்கும். பிடுங்கினதுல ரத்தக்கறையோ சதையோ ஒட்டியிருக்கலாம். தானா உதிர்ந்த பீலியை நம்ம நாட்டுக்குள்ள வச்சிருக்க சட்டம் அனுமதிக்குது, வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை. போன வருஷக் காவடியில இருக்கிற பீலியே நல்லா இருந்தா அதையே இந்த வருஷமும் கட்டுங்க. முருகன் கோவிச்சுக்க மாட்டார்.

3. பாதயாத்திரையில வீடியோ எடுக்கறதுக்காக காட்டுக்குள்ள இறங்கி மயிலை விரட்டாதீங்க. நாம மிதிக்கிறது ஒருத்தரோட வெள்ளாமை. அன்னதான இலை, மிச்ச சோறு, பிளாஸ்டிக் எதையும் வரப்புல போட்டுட்டுப் போகாதீங்க. அதைத் தேடி நாய் வரும், அந்த நாய் மயில் குஞ்சையும் கடிக்கும்.

4. மயிலால நஷ்டம்னு ஒரு விவசாயி சொன்னா "முருகன் வாகனத்தைப் போய் இப்படிச் சொல்லலாமா"ன்னு வாயடைக்காதீங்க. முழுசா கேளுங்க. எங்கேயாவது விஷம் வச்சது தெரிஞ்சா வனத்துறைக்குச் சொல்லுங்க.

5. நம்ம பங்கையும் கொடுப்போம். எங்க யாத்திரைக் குழுவுல மொத்தம் பதினோரு பேர். திரும்பி வந்ததும் பேசி, அன்னதானத்துக்குன்னு எடுத்து வச்ச பணத்துல ஒரு பங்கை எடுத்து, நாங்க நடக்கிற வழியில ரெண்டு காட்டுக்கு வலையும் மினுமினு ரிப்பனும் வாங்கிக் கொடுத்தோம். ஒண்ணு பெரியப்பாவோடது, இன்னொண்ணு பக்கத்துக் காடு.

இதுல எல்லாம் சரியாயிடுச்சான்னு கேட்டா, இல்லை. ரிப்பனுக்கு மயில் கொஞ்ச நாள்தான் பயந்துது, அப்புறம் பழகிடுச்சு. வலை போட்ட இடம் மட்டும் ஓரளவு தப்பிச்சுது. போன மாசம் பெரியப்பாகிட்ட போன்ல கேட்டேன். "பாதி நின்னுது கண்ணு. மீதி அது தின்னுட்டுப் போகட்டும். வலை கட்ட ஆள்தான் இல்லை. அடுத்த பட்டத்துக்கு ஒரு நாள் லீவு போட்டுட்டு வா"ன்னார்.

போறேன்னு சொல்லியிருக்கேன். அடுத்த தைப்பூசத்துக்கு முன்னாடி, மார்கழியில ரெண்டு நாள் லீவு எடுத்தாச்சு. நீங்களும் இந்த வருஷம் நடக்கும்போது ரோட்டோரத்துல மயிலைப் பார்த்தா கும்பிடுங்க, கண்டிப்பா கும்பிடுங்க. அப்படியே அது எந்தக் காட்டுல நிக்குதுன்னும் ஒரு நிமிஷம் பாருங்க.

யாத்திரைக்குக் கிளம்பற நண்பர்கள் குரூப்ல இதைப் பகிருங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!