பெரியப்பாவின் மீன்தொட்டி

கேள்வி: பெரியப்பா காலமானபின் அவருடைய நாலடி மீன்தொட்டி எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. மஞ்சளும் நீலமுமாக மீன்கள், ஓயாத துரத்தல். சிக்லிட் என்கிறார்கள். எப்படி உறுதிசெய்வது, வளர்ப்பது? – வாசகி, மதுரை

பதில்: மூக்கைப் பாருங்கள். பெரும்பாலான மீன்களுக்குப் பக்கத்துக்கு இரண்டு நாசித்துளைகள், சிக்லிட்டுக்கு ஒன்றுதான். (சந்தையில் வாங்கும் ஜிலேபி மீனும் இந்தக் குடும்பமே.) மஞ்சள் உடம்பு, முதுகுத் துடுப்பில் கறுப்புக் கோடு என்றால் அது ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த எலெக்ட்ரிக் யெல்லோ. நீலத்தில் கரும்பட்டைகள் என்றால் அநேகமாக அதே ஏரியின் பாறைவாசிகள். ஒரு மீன் தாடை உப்பி, தீனி தொடாமல் ஒதுங்கினால் மருந்து ஊற்றிவிடாதீர்கள். தாய் வாய்க்குள் முட்டைகளை அடைகாக்கிறது, ஏறக்குறைய மூன்று வாரம்.

மலாவி நீர் கடினமானது, பிஎச் 8-ஐ ஒட்டியது. போர் தண்ணீர் கடினமாக இருந்தால் நல்லதுதான், ஆர்.ஓ. தண்ணீர் ஆகாது. வாரம் கால்பங்கு மாற்றுங்கள். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் தேய்க்காமல், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். கழிவை முறிக்கும் பாக்டீரியா குடியிருப்பது அந்தப் பஞ்சில்தான். தீனிக்கு ஸ்பைருலினா, இறைச்சி வேண்டாம். துரத்தலுக்குக் கற்களை அடுக்கிப் பொந்துகள் அமையுங்கள். மீன்கள் மிஞ்சினால் கடைக்காரரிடம் கொடுங்கள், கண்மாயில் விடாதீர்கள்.